ஆறாவது கண்ணாடி

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் மூன்று மணி இருக்கும். நாம் கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக் கொண்டிருந்தோம். திருத்திக் கொண்டிருந்தோம் என்பது கௌரவத்துக்காகச் சொல்லும் வார்த்தை. உண்மையில் சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்தபடியே கண் அயர்ந்திருந்தோம்.

அப்போது கொல்லைப்புறத்தில் புகுந்து, முற்றத்தைக் கடந்து வந்த ஆடிக் காற்று, முன்னறைக் கதவைப் படீரென்று அறைந்து சாத்தியது. அதைத் தொடர்ந்து 'கலகல'வென்று ஒரு சப்தம். பேனா ஒரு பக்கமும் விடைத்தாள்கள் ஒரு பக்கமுமாகப் பறக்க, நாம் வாசலுக்கு ஓடினோம்.

நமது வீடு கும்பகோணத்தில், பாட்டனார் காலத்தில் கட்டியது. தெருக்கதவு ஒன்று. அதற்குப் பக்கத்தில், முன்னறையிலிருந்து திண்ணைக்குத் திறக்கும் இரட்டைக் கதவு ஒன்று. பர்மாத் தேக்கினால் ஆனது. ஒவ்வொரு கதவிலும் கீழ்ப்பாதி மரப்பலகை. மேல்பாதியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கண்ணாடிகள். ஆக மொத்தம் ஆறு. அவற்றில் வலப்புறத்துக் கதவின் கீழ்க் கண்ணாடிதான் உடைந்து, திண்ணை முழுவதும் சிதறிக் கிடந்தது.

கண்ணாடி உடைந்ததில் நமக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. அது விழுந்த இடத்தைப் பார்த்தபோதுதான் உடம்பு சிலிர்த்தது. நமது தெருவில் பூ விற்கும் அம்மாள் ஒருவர் தினந்தோறும் பிற்பகலில் அந்தத் திண்ணையில், அந்தக் கதவோரத்தில் உட்கார்ந்துதான் பூத் தொடுப்பார். பதினைந்து வருஷ வழக்கம். அன்றும் வந்திருந்தார். குடிக்கத் தண்ணீர் வாங்குவதற்காக எதிர்வீட்டுக்கு எழுந்து போயிருந்த ஒரு நிமிஷத்தில் கண்ணாடி விழுந்திருக்கிறது. அவருடைய கூடையில் உதிரி மல்லிகையோடு கண்ணாடிச் சில்லுகளும் கலந்து கிடந்தன.

அந்த அம்மாள் திரும்பி வந்து பார்த்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பூவை அப்படியே குப்பையிலே கொட்டிடுங்க, சாமி. யார் தலையிலாவது ஏறப் போற பூ. உள்ளே ஒரு சில்லு ஒட்டிக்கிட்டிருந்தாலும் பாவம்" என்றார்.

நாம் பணம் எடுத்துக் கொடுத்தோம். பூ வாங்கிய விலையை மட்டும் கணக்குப் பார்த்து எடுத்துக் கொண்டார். விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய லாபத்தை எவ்வளவு வற்புறுத்தியும் வாங்கவில்லை. அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால், அந்தக் கண்ணாடியின் மூலையில் மயிரிழை போன்ற ஒரு விரிசல் தை மாதத்திலேயே விழுந்திருந்தது. நாம் அதைப் பார்த்திருந்தோம். ஒட்டும் நாடாவை அதன்மேல் ஒட்டி, "கோடை விடுமுறையில் பார்த்துக் கொள்ளலாம்" என்று சொல்லியும் இருந்தோம். கோடை விடுமுறை வந்தது, போயும் போயிற்று.

கதவா, கண்ணாடியா?

மறுநாள் காலையில் நமது வீட்டில் ஒரு மகாநாடு கூடிற்று.

சென்னையிலிருந்து தமையனார் தொலைபேசி வழியாக முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தார். "தம்பி, அந்தக் கதவு ஓட்டைக் கதவு. கழற்றி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் கதவாகப் போட்டுவிடு. கரையானும் வராது, வர்ணமும் வேண்டாம்" என்றார். அடுத்த வீட்டு நண்பரின் யோசனை இன்னும் சுலபமானது: உடைந்த இடத்தில் ஒட்டுப்பலகை ஒன்றை ஆணி அடித்து மூடிவிட வேண்டும் என்றார். நம் வீட்டு அம்மாள், "ஒரு சட்டை பொத்தான் அறுந்து போனால் சட்டையையா எறிகிறோம்?" என்று ஒரே கேள்வி கேட்டாள். மகாநாடு கலைந்தது.

இது நமது வீட்டு விஷயம் மட்டும் அல்ல. காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான்கள் விற்கும் கடைகளுக்குச் சென்றவர்கள் அங்கே சுவரோரமாகச் சாத்தி வைத்திருக்கும் கதவுகளைக் கண்டிருப்பார்கள். செட்டிநாட்டு வீடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940-களின் தொடக்கம் வரை, பர்மாத் தேக்கும் பெல்ஜியக் கண்ணாடியும் வரவழைத்துக் கட்டப்பட்டவை. வீடு இடிந்தபின் கதவுகள் மட்டும் மிஞ்சித் தெருவுக்கு வந்து, எங்கெங்கோ போய்ச் சேருகின்றன. மரம் உளுத்து அந்தக் கதி நேர்ந்தால் வருந்துவதற்கில்லை. ஆனால் ஒரு கீல் தேய்ந்தது, ஒரு கண்ணாடி உடைந்தது என்ற காரணத்துக்காக நல்ல தேக்குக் கதவைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பின்னால் வருந்துகிற குடும்பங்களும் உண்டு.

தென்னை மரம் ஏன் நெளிகிறது?

கதவைக் காப்பாற்றுவது என்று முடிவானவுடன், பன்னிரண்டு வயதான நம் குமாரன் ஒரு சந்தேகம் கிளப்பினான். "அப்பா, மற்ற ஐந்து கண்ணாடியிலும் பார்த்தால் எதிர்வீட்டுத் தென்னை மரம் நெளிநெளியாகத் தெரிகிறது. உடைந்து போன கண்ணாடியில் மட்டும் நேராகத் தெரிந்தது. அது ஏன்?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஜன்னல் கண்ணாடியின் சரித்திரத்தையே சொல்ல வேண்டும்.

கண்ணாடி நமது நாட்டுக்குப் புதிதல்ல. புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேட்டில் 1945-ல் நடந்த அகழ்வாராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே அங்கே கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. ஆயினும் மணி வேறு, பலகை வேறு. கண்ணாடியைப் பெரிய, தட்டையான, தெளிவான பலகையாக்குவது வெகு காலம் வரை மிகவும் கஷ்டமான வித்தையாக இருந்து வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைச் செய்த விதம் இது. உருகிய கண்ணாடியை நீண்ட குழலின் நுனியில் எடுத்து, வாயால் ஊதிப் பெரிய உருளையாக்குவார்கள். உருளையின் இரு முனைகளையும் வெட்டி நீக்கி, நெடுக்காக ஒரு கீறு கீறி, மறுபடி சூடேற்றி, வாழைப் பட்டையை விரிப்பதுபோல் விரித்துத் தட்டையாக்குவார்கள். 1851-ல் லண்டனில் நடந்த மகா கண்காட்சிக்காக எழுப்பிய பளிங்கு மாளிகைக்கு ஏறக்குறைய 3,00,000 கண்ணாடிப் பலகைகள் இந்த விதமாகவே ஊதப்பட்டன. அத்தனையும் மனித மூச்சு! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த எமில் ஃபூர்கோ என்பவர், உருகிய கண்ணாடியை யந்திரத்தினால் நேரே மேல்நோக்கித் தகடாக இழுக்கும் முறையைக் கண்டார். ஊதினாலும் சரி, இழுத்தாலும் சரி, பலகையில் மெல்லிய அலைகள் படிந்துவிடும். நமது ஐந்து கண்ணாடிகளில் தென்னை நெளிவதற்குக் காரணம் அந்த அலைதான்.

அலையே இல்லாத கண்ணாடி இங்கிலாந்தில் பிறந்தது. அலாஸ்டர் பில்கிங்டன் என்பவர் உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிடும் யுக்தியை 1952-ல் கண்டு, ஏழு வருஷப் பிரயத்தனத்துக்குப் பிறகு 1959-ல் உலகுக்கு அறிவித்தார். தண்ணீரின்மேல் எண்ணெய் பரவுவதுபோல் கண்ணாடி தானே சமமாகப் பரவிக் கொள்கிறது. ஏறக்குறைய 1,000 டிகிரி சூட்டில் தொட்டிக்குள் புகுந்து, சுமார் 600 டிகிரியில் உறுதியான தகடாக வெளியே வருகிறது. இன்று கடைகளில் விற்கும் ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் இந்த மிதவைக் கண்ணாடிதான். சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரிலும் 2000-ஆம் ஆண்டு முதல் இது தயாராகி வருகிறது.

இங்கே ஒரு பொய்யையும் ஒழித்துவிடலாம். பழைய கண்ணாடி அடியில் பருத்திருப்பதைக் கண்டு, "கண்ணாடி என்பது மெதுவாக ஓடும் திரவம், காலப் போக்கில் கீழே வழிந்திருக்கிறது" என்று நமது உபாத்தியாயர்களே சொல்லிக் கொடுத்தார்கள். நாமும் சில வருஷங்கள் அப்படியே மாணவர்களுக்குச் சொன்னோம். அது உண்மையன்று. சாதாரணச் சூட்டில் ஜன்னல் கண்ணாடி நூற்றாண்டுகள் கழிந்தாலும் கண்ணுக்குத் தெரியும் அளவு வழியாது. செய்யும்போதே ஒரு பக்கம் பருமனாக அமைந்துவிட்ட பலகை அது, அவ்வளவுதான்.

"அப்படியானால் உடைந்த கண்ணாடி மட்டும் ஏன் புதுக் கண்ணாடியாக இருந்தது?" என்று பையன் விடாமல் கேட்டான். "முன்பு ஒரு தடவை மாற்றியது" என்று சொல்லி நாம் பேச்சை வேறு பக்கம் திருப்பினோம். ஏன் திருப்பினோம் என்பது பின்னால் விளங்கும்.

ஆசாரியார் வந்தார்

அடுத்த ஞாயிறன்று வயதான தச்சர் ஒருவர் வந்தார். பையை இறக்கி வைத்தார். கதவை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்தார். விரல் முட்டியால் சட்டத்தைத் தட்டினார். "மரம் மணியாட்டம் இருக்குது, வாத்தியாரையா. இதைக் கழற்றச் சொன்னவர் யாருங்க?" என்றார். சென்னைத் தமையனாரின் பெயரைச் சொல்லாமல் காப்பாற்றினோம்.

முதல் வேலை, காடியில் பல்லைக் காட்டிக் கொண்டிருந்த மிச்சச் சில்லுகளை எடுப்பது. கெட்டியான கையுறை, காலில் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி ஆகிய மூன்றும் இல்லாமல் இதில் இறங்கலாகாது. சில்லுகளின்மேல் ஒட்டும் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக் கொண்டால், எடுக்கும்போது சிதறாது. மேலே உள்ளவற்றை முதலில் எடுக்க வேண்டும். கீழே கை வைத்திருக்கும்போது மேலே உள்ள சில்லு நழுவினால் அது கத்திதான். எடுத்தவற்றைக் காகிதத்தில் சுற்றி அட்டைப் பெட்டியில் இட்டு, பெட்டியின்மேல் 'உடைந்த கண்ணாடி' என்று பெரிய எழுத்தில் எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியே கொடுத்தோம். குப்பையோடு குப்பையாகப் போட்டிருந்தால், பூக்கார அம்மாளின் தலைக்குத் தப்பிய சில்லு இன்னொருவர் கையைக் கிழித்திருக்கும்.

அடுத்தது, கண்ணாடியை நான்கு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் சிறு மரச்சட்டங்களைக் கழற்றுவது. இந்நாளில் தச்சர்கள் இவற்றைப் 'பீடிங்' என்கிறார்கள். நெடுநாள் பூசிய வர்ணம் சட்டத்தையும் கதவையும் ஒன்றாக ஒட்டியிருந்தது. ஆசாரியார் முதலில் கூரிய கத்தியினால் அந்த இடுக்கில் வர்ணத்தைக் கீறிவிட்டார். பிறகு மெல்லிய உளியை, ஓரத்தில் அல்ல, நீளமான சட்டத்தின் நட்டநடுவில் நுழைத்து மெதுவாக நெம்பினார். நடுப்பாகம் வில்போல் வளைந்து வெளியே வர, இரு முனைகளும் தாமே விடுபட்டன. முனையில் நெம்பினால் மூலை பிளந்துவிடும் என்றார். சட்டத்தில் தங்கிய ஆணிகளையும் தலைப்பக்கமாகத் தட்டி எடுக்காமல், பின்பக்கத்திலிருந்து குறட்டினால் பிடித்து இழுத்தார். முன்பக்கம் ஒரு சிராய்கூடப் பெயரவில்லை.

நான்கு சட்டங்களையும் திண்ணையில் வரிசையாக வைத்தவர், ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு காடியைப் பார்த்தார். மறுபடி சட்டத்தைப் பார்த்தார்.

"வாத்தியாரையா, இதுக்கு முன்னே இந்தக் கண்ணாடியை மாற்றின ஆசாரி யாருங்க?"

நாம் தொண்டையைக் கனைத்துக் கொண்டோம். நம் வீட்டு அம்மாள் உள்ளேயிருந்து, "ஆசாரியா? பி.எஸ்ஸி. பட்டதாரி!" என்று சொல்லிச் சிரித்தாள்.

கீறல்கள் சொன்ன கதை

ஆம், நாமேதான். இருபத்திரண்டு வருஷங்களுக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த புதிதில், பௌதிகம் படித்தவனுக்கு ஒரு கண்ணாடி மாட்டத் தெரியாதா என்ற இறுமாப்பில் நாமே அந்தக் காரியத்தைச் செய்து முடித்தோம். கல்யாணமான புதிது வேறு. அதை வந்தவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமையும் அடித்துக் கொண்டோம்.

ஆசாரியார் பையனை அருகில் அழைத்து, சட்டங்களின் பின்புறத்தைக் காட்டினார். ஒன்றில் உளியால் இட்ட ஒரு கீறல் இருந்தது, மற்றொன்றில் இரண்டு, அடுத்தவற்றில் மூன்றும் நான்கும். கதவின் காடியிலும், வர்ணத்தைச் சுரண்டியபோது, பக்கத்துக்குப் பக்கம் அதே கீறல்கள் தென்பட்டன. ஒன்றுக்கு எதிரே ஒன்று, இரண்டுக்கு எதிரே இரண்டு என்று பொருத்த வேண்டும். கையால் அறுத்து மூலை சேர்த்த சட்டங்கள் ஆகையால் ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு மட்டுமே சரியாக இருக்கும்.

கதவைச் செய்த தச்சருக்குக் கண்ணாடி ஒரு நாள் உடையும் என்பது தெரியும். அதனால் தேக்கை அசைக்க முடியாதபடி முளையிட்டுப் பூட்டியவர், கண்ணாடியை மட்டும் கழற்றக் கூடியபடி வைத்தார். கழற்றுகிறவன் தடுமாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கீறலும் இட்டுவிட்டுப் போனார்.

நாம் அந்தக் கீறலைக் கவனிக்கவில்லை. இடப்புறச் சட்டத்தை வலப்புறத்திலும் வலப்புறச் சட்டத்தை இடப்புறத்திலும் மாற்றி வைத்திருக்கிறோம். மூலை கூடவில்லை. கூடாத மூலையை அடக்குவதற்காக நீளமான ஆணி ஒன்றை நேராக அறைந்திருக்கிறோம். அந்த ஆணியின் முனை கண்ணாடியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. போதாக்குறைக்குக் கண்ணாடியையும் இடைவெளி விடாமல் இறுக்கமாக அறுத்துப் பொருத்தியிருக்கிறோம். மழைக் காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், வெயிலில் சுருங்கும். ஒவ்வொரு முறையும் ஆணி கண்ணாடியை அழுத்தியது. இருபத்தொரு மழைக்காலம் பொறுத்த கண்ணாடி தை மாதத்தில் கீறிக் கொண்டது, ஆடியில் விழுந்தது.

"காத்து உடைக்கலீங்க. ஆணிதான் உடைச்சுது. காத்து கீழே தள்ளி விட்டுது, அவ்வளவுதான்" என்றார் ஆசாரியார். பையன் நம் முகத்தைப் பார்த்தான். பரீட்சைத் தாளில் நாம் சுழிக்கும் சிவப்புச் சுழி அன்று நமக்கே விழுந்தது.

அளவும் கண்ணாடியும்

காடியில் பழைய மக்கு கல்லாக இறுகியிருந்தது. ஆசாரியார் உப்புத்தாளை எடுத்தவுடன் நாம் தடுத்தோம். இந்த ஒரு விஷயத்தில் நாம் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். இந்தியாவில் வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக்கூடாது என்ற விதி 2016-ல் பிறப்பிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு பூசியதை நம்புவதற்கில்லை. உலர்ந்தபடியே தேய்த்தால் தூள் காற்றில் பறந்து மூச்சிலும் உணவிலும் கலக்கும். ஈயத்துக்குக் கெடுதல் இல்லாத அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். குழந்தைகளுக்கு அதனால் விளையும் தீமை மிக அதிகம். ஆகவே இடத்தை நனைத்துக் கொண்டு சுரண்டி, தூளை ஈரத்துணியால் துடைத்து எடுத்தோம். முகமூடியும் அணிந்து கொண்டோம்.

பிறகு அளவு. நமது பழைய பிழை இங்கேதான் தொடங்கியது. பழைய கதவின் மூலைகள் செங்கோணமாக இருக்கும் என்று நம்பவே கூடாது. அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்தோம்: 302, 301, 299 மில்லிமீட்டர். உயரத்தையும் அப்படியே அளந்தோம்: 402, 401, 401. மூலைக்கு மூலை அளந்ததில் ஒன்றுக்கொன்று 5 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. ஆகையால் அட்டை ஒன்றை வெட்டிக் காடியில் வைத்துச் சரிபார்த்து, அதையே கடைக்கு எடுத்துச் சென்றோம். கிடைத்த அளவுகளில் சிறியதை எடுத்து, அதிலும் 3 மில்லிமீட்டர் குறைத்து, 296-க்கு 398 என்று சொன்னோம். பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் மூச்சுவிட இடம் இருந்தால்தான் மரம் உப்பும்போது கண்ணாடி தப்பும்.

எந்தக் கண்ணாடி என்பது அடுத்த கேள்வி. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் ஈட்டியும் வாளுமாக உடையும். மனிதர் உட்காரும், குழந்தைகள் ஓடும் இடத்துக் கதவுக்கு அது தகாது என்பதை நாம் கண்ணாரக் கண்டுவிட்டோம். இதற்கு இரண்டு மாற்று உண்டு. ஒன்று, இரு கண்ணாடிகளுக்கு இடையே மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டை வைத்து ஒட்டியது. பிரான்ஸ் தேசத்து ரசாயன நிபுணர் எட்வார் பெனதிக்துஸ் 1903-ல் கைதவறிப் போட்ட குடுவை, உள்ளே உலர்ந்திருந்த ஒரு படலத்தினால் சிதறாமல் ஒட்டிக் கொண்டிருந்ததைக் கண்டு, அதிலிருந்து இந்த யோசனை பிறந்தது என்பார்கள். 1909-ல் அவர் இதற்கு உரிமை பதிந்து கொண்டார். இது உடைந்தாலும் விழாது. ஆனால் பருமன் அதிகம். நமது காடியில் அடங்காது.

மற்றொன்று, கண்ணாடியை மிகுந்த சூடேற்றி வேகமாகக் குளிரச் செய்து வலுவேற்றியது. இது சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வலிமையுள்ளது. உடைந்தால் கூரிய சில்லுகளாகாமல் சிறு மணிகளாக உதிரும். நாம் 4 மில்லிமீட்டர் பருமனில் இதையே வாங்கினோம். கடைக்காரர் ஓர் எச்சரிக்கை செய்தார். வலுவேற்றியபின் இதை அறுக்கவோ இழைக்கவோ முடியாது. முயன்றால் பலகை முழுவதும் ஒரே கணத்தில் நொறுங்கும். எனவே அளவு தவறினால் பணம் போயிற்று. விளிம்புதான் இதற்கு உயிர்நிலை. அங்கே ஓர் ஆணி தொட்டால் போதும். ஆணியைப் பற்றி நமக்கு யாரும் இனிமேல் சொல்லத் தேவையில்லை!

மக்கும் பொறுமையும்

சீமைச் சுண்ணாம்புத் தூளை ஆளிவிதை எண்ணெயில் சப்பாத்தி மாவுபோல் பிசைந்தது மக்கு. கடையில் தயாராகவும் கிடைக்கிறது. காய்ந்த மரத்தில் அப்படியே வைத்தால், மரம் எண்ணெயைக் குடித்துவிட்டு மக்கைப் பொடியாக்கிவிடும். ஆகையால் ஆசாரியார் முந்தின நாளே காடிக்கு முதற்பூச்சுப் பூசி உலர்த்தியிருந்தார்.

மறுநாள் காடியைச் சுற்றிலும் மெல்லிய மெத்தைபோல் மக்கை வைத்தார். கண்ணாடி நேரே மரத்தின்மேல் நிற்காதபடி அடியில் இரண்டு சிறு ரப்பர்த் துண்டுகளை வைத்தார். பிறகு கண்ணாடியை உள்ளே இறக்கி, நடுவில் கை வைக்காமல் ஓரங்களை மட்டும் கட்டைவிரலால் அழுத்திக் கொண்டே வந்தார். கீறல் பார்த்துச் சட்டங்களைப் பொருத்தும் வேலையைப் பையனிடம் விட்டார். நான்கும் சட்டென்று தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. அடக்குவதற்கு நீள ஆணி ஏதும் தேவைப்படவில்லை. சிற்றாணிகளைக் கண்ணாடியை விட்டு விலகி மரத்துக்குள் போகும்படி சாய்த்து அடித்தார். சுத்தியல் தவறினாலும் படாதிருக்கக் கண்ணாடியின்மேல் அட்டையைப் பிடித்துக் கொள்ளச் சொன்னார். பிதுங்கிய மக்கைக் கத்தியால் வழித்தார். இரண்டு நாள் கதவை அடித்துச் சாத்தக்கூடாது. மக்கின்மேல் தோல் கட்டிய பிறகு, இரண்டு வாரம் கழித்து வர்ணம் பூசலாம் என்று உத்தரவிட்டார்.

புறப்படும்போது பையிலிருந்து இரும்புக் கொக்கி ஒன்றை எடுத்துச் சுவரில் அறைந்து, திறந்த கதவை அதில் மாட்டினார். "கண்ணாடியை மாத்திட்டோம். காத்தை மாத்த முடியாதே" என்றார். அவருடைய கூலியும் கண்ணாடியின் விலையும் ஆணி, மக்கும் சேர்ந்து, தமையனார் சொன்ன பிளாஸ்டிக் கதவின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

சட்டங்களைப் பொருத்துவதற்கு முன்னால் பையன் ஒரு காரியம் செய்தான். நாலாம் எண் சட்டத்தின் பின்புறத்தில், யாருக்கும் தெரியாத பக்கத்தில், பென்ஸிலால் பொடியெழுத்தில் எழுதினான்: '296 × 398. வலுவேற்றிய கண்ணாடி, அறுக்கக் கூடாது. கீறல் பார்த்துப் பொருத்தவும்.' கீழே வருஷத்தையும் குறித்தான். தன் பெயரை எழுதவில்லை. நாம் அப்படி எழுதச் சொல்லவும் இல்லை.

வர்ணம் உலர்ந்த மறுநாள் பூக்கார அம்மாள் திண்ணைக்கு வந்தார். கதவிலிருந்து இரண்டு முழம் தள்ளியே உட்கார்ந்தார். நாம் புதுக் கண்ணாடியின் பெருமைகளையெல்லாம் விவரித்து, இது உடைந்தாலும் கற்கண்டுபோல் உதிருமே தவிரக் கிழிக்காது என்று சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக் கொண்டார். "அது சரி, சாமி. விரிசல் விட்டா உடனே பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பூத் தொடுக்கத் தொடங்கினார். ஒரு வாரம் கழித்துப் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தார்.

நேயர்களில் பழைய வீட்டில் குடியிருப்பவர்கள், சரஸ்வதி பூஜைக்காகக் கதவு ஜன்னல்களைத் துடைக்கும்போது, ஒவ்வொரு கண்ணாடியின் நான்கு மூலைகளையும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்க்கும்படி கேட்டுக் கொள்கிறோம். விரிசல் தென்பட்டால் நாடா ஒட்ட வேண்டாம்; விடுமுறைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சட்டத்தைக் கழற்றும்போது அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கதவைச் செய்தவரும் அங்கே உங்களுக்கு ஏதாவது எழுதி வைத்திருக்கக் கூடும்.